நிழலுக்கு நிறம் உண்டு

வேலை விஷயமாகப் பாரிஸ் போயிருந்தபோது என் கையில் இருந்தது ஒரே ஒரு மதியம். ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போனேன். புகழ்பெற்ற ஓவியம் எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அறை அறையாக ஓடி, ஒவ்வொன்றின் முன்னாலும் போனைத் தூக்கி ஒரு படம், பக்கத்துப் பெயர்ப்பலகையை ஒரு படம், உடனே அடுத்தது என்று இரண்டு மணி நேரத்தில் இருநூறுக்கு மேல் எடுத்துவிட்டேன். அப்புறம் கால் வலி தாங்காமல் உட்கார்ந்தேன். எதிரே என்ன ஓவியம் என்று பார்த்துவிட்டு உட்காரவில்லை.

எதிரே பனி. ஒரு வேலி, அதன் ஓரத்தில் ஒரு சிறு படல்கதவு, அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரே ஒரு பறவை. கிளாட் மோனே 1868-69 குளிர்காலத்தில் பிரான்சின் எட்ரெதா பக்கத்தில் வரைந்த 'மேக்பை' அது. காக்கை இனத்துப் பறவையின் பெயர்தான் ஓவியத்துக்கும். முதல் ஐந்து நிமிடம் நான் பார்த்தது "பனி, வேலி, பறவை", அவ்வளவுதான். எழுந்துபோகக் கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூரியன் வேலிக்குப் பின்னால் இருக்கிறது, வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. அந்த நிழல் சாம்பல் இல்லை, கறுப்பு இல்லை, நீலம். ஊதா கலந்த நீலம். இவர் ஏன் நிழலுக்கு நீலம் பூசினார் என்று யோசித்தேன், அழகுக்காகச் செய்திருப்பார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது. நீலம் பூசியதால்தான் அந்த வெயில் வெயிலாக இருந்தது.

1869-இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனின் நடுவர்கள் இந்த ஓவியத்தை நிராகரித்தார்கள் என்று பிறகுதான் படித்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதுவரை அவர்கள் கண்ணோடுதான் வாழ்ந்திருக்கிறேன்.

வீடு திரும்பிய மறுநாள் காலை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். குழாய் ஒன்றின் நிழல் சுவரில் சாய்வாக விழுந்திருந்தது. நீலம். சந்தேகமே இல்லாத நீலம். எத்தனையோ வருடங்களாக தினமும் பார்க்கிற சுவர் அது. அந்தக் காலையில் எனக்கு வந்த உணர்வுக்கு இன்றுவரை சரியான சொல் கிடைக்கவில்லை. யாரோ என் கண்ணைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

காரணம் எளிமையானது, தெரிந்த பிறகு எனக்கு வியப்பு இன்னும் கூடியது. வெட்டவெளியில் ஒரு பொருளின் மேல் இரண்டு விளக்குகளின் வெளிச்சம் விழுகிறது: ஒன்று சூரியன், இன்னொன்று வானம் முழுக்க. சூரிய ஒளியில் உள்ள நீலத்தைக் காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன, அதனால்தான் வானம் நீலம். நிழல் என்பது சூரியன் மறைக்கப்பட்ட இடம், ஆனால் வானம் அங்கேயும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் வெள்ளைச் சுவரில் விழும் நிழல் என்பது வானத்தால் மட்டும் ஒளியூட்டப்பட்ட சுவர். அந்த இடத்தில் நாம் பார்ப்பது வானத்தின் நிறத்தை. லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார், சூரியன் சாயும் நேரத்தில் வெள்ளைச் சுவரில் விழும் நிழல் நீலமாகத் தெரிவதை. மோனேவுக்குச் சுமார் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் உதவியது இது. கையை முஷ்டி பிடித்து நடுவில் சிறு துளை மட்டும் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துளை வழியாக நிழலை மட்டும் பாருங்கள். சுற்றிலும் உள்ளது எதுவும் தெரியக் கூடாது. ஓவியம் வரைகிறவர்கள் வெகுகாலமாகச் செய்வது இது. "இது சுவர், இது நிழல்" என்று பெயர் சொல்லிக்கொண்டிருக்கும் மூளைக்கு அப்போது பிடிமானம் இல்லாமல் போகிறது, வெறும் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சான்று: வெள்ளைச் சமநிலை அமைப்பில் 'நிழல்' என்று தனியாக ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் படம் மஞ்சள் பக்கமாக நகரும், ஏனென்றால் நிழலில் விழும் ஒளி நீலம் என்பது கேமரா செய்கிறவர்களுக்குத் தெரியும், அதை ஈடுகட்டத்தான் அந்தத் தேர்வு. போன் இதைத் தானாகவே செய்துவிடும். அதனால் நீங்கள் பார்த்த நீலம் படத்தில் வரவில்லையென்றால் கண்ணை நம்புங்கள்.

சரி, வானம் மட்டும்தான் காரணமா? இல்லை. கண்ணுக்குள்ளும் ஒரு வேலை நடக்கிறது. இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். சித்திரத் திரைகள் நெய்யும் இடம் அது. நீலத் துணி, ஊதாத் துணி இவற்றின் மடிப்பு நிழலுக்காகப் பயன்படுத்தும் கறுப்பு நூல் சரியாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், வேறு இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டார், நூலில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளுகின்றன என்பதை அவர் 1839-இல் விரிவான நூலாகவே வெளியிட்டார். மஞ்சள் வெயில் பக்கத்தில் இருக்கும்போது நிழலின் நீலம் இன்னும் நீலமாவது இதனால்தான். நிழல் விஷயமாக வந்த ஒரு புகாரிலிருந்து இத்தனையும் கிளம்பியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் வரைய ஆரம்பித்தேன். ஓவியராகும் எண்ணம் இல்லை, பார்ப்பதற்காக. வெள்ளைத் தாள் மேல் ஒரு வெள்ளை முட்டை, பக்கத்தில் ஜன்னல், ஒரு பென்சில், தினமும் பத்து நிமிடம். வரையக் கற்றுக்கொடுக்கிற எல்லோரும் சொல்லும் பழைய பயிற்சிதான். முதல் வாரம் முழுக்க நான் வரைந்தது முட்டையை அல்ல, முட்டை என்ற சொல்லை. சுற்றி ஒரு கோடு, ஒரு பக்கம் கறுப்பாகத் தீற்றல். எங்கே தவறு என்று எட்டாவது நாள் புரிந்தது: முட்டையைச் சுற்றிக் கோடே கிடையாது. வெளிச்சம் படும் பக்கத்தில் முட்டை தாளோடு கரைந்துபோய்விடுகிறது. நிழல் பக்கத்தில் மிகக் கறுப்பான இடம் ஓரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது; ஓரத்தில் மறுபடி ஒரு மெல்லிய வெளிச்சம். தாளில் பட்டுத் திரும்பிய ஒளி கீழேயிருந்து முட்டையைத் தொடுகிறது. ஒரு சிவப்பு அட்டை நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன், நிழல் பக்கம் லேசாகச் சிவந்தது. எடுத்தேன், போய்விட்டது. வைத்தேன், வந்தது. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். பொருளை வரையாதீர்கள், முதலில் நிழலின் வடிவத்தை வரையுங்கள், ஏனென்றால் நிழலுக்கு என்ன வடிவம் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியாது, அதனால் அது பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. அப்புறம், கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள், சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து எது வெளிச்சம் எது இருட்டு என்று இரண்டாகப் பிரியும். வரைந்தது நன்றாக வந்ததா என்பதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், நான் அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு இதில் எதிலும் ஆர்வம் இல்லை. கணக்கு வழக்கோடு வாழ்க்கையை ஓட்டியவர், ஓவியம் என்றால் அவருக்குச் சுவரில் மாட்டுவது. ஒரு காலை இருவரும் நடைப்பயிற்சி முடித்து ஒரு பெரிய மரத்தடியில் நின்றோம். தரையெங்கும் வெளிச்சப் பொட்டுகள். எல்லாமே வட்டம் வட்டமாக இருந்தன.

"அப்பா, இலைக்கு நடுவில இருக்கிற ஓட்டை எல்லாம் வட்டமாவா இருக்கும்?"

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இல்லையே. மேல கோணலும் மாணலுமா இருக்கு."

"அப்போ கீழ ஏன் வட்டம்?"

நான் முந்தின வாரம்தான் படித்திருந்தேன், ஆனாலும் பதிலை உடனே சொல்லவில்லை. அவர் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். அந்த வட்டங்கள் ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவங்கள். இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சிறு துளையும் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்து, தரையில் சூரியனின் பிம்பத்தை விழவைக்கிறது. மரத்தடியில் கிடப்பது நூற்றுக்கணக்கான சூரியன்கள். சூரியன் சாய்வாக இருக்கும் நேரத்தில் அவை நீள்வட்டமாகும், தாளை எடுத்துக் கதிருக்கு நேராகப் பிடித்தால் மறுபடி வட்டம். இதைச் சொன்னதும் அப்பா கேட்டது, "அப்படின்னா வட்டத்தோட அளவை வச்சு ஓட்டை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்குப் போடலாமே?"

போடலாம். சூரியன் தன் விட்டத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதே விகிதம்தான் துளைக்கும் பிம்பத்துக்கும். வட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் துளை, கதிரின் வழியாக அளந்தால், சுமார் 5.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. மறுநாள் அப்பா பையில் அளவு நாடா இருந்தது. ஒரு தாளில் வட்டங்களின் அளவை எழுதி, எதிரே பெருக்கி, "இது அந்தத் தாழ்ந்த கிளை, இது உச்சிக் கிளை" என்று எனக்குக் காட்டினார். ஓவியம் பிடிக்காத மனிதர் மரத்தடியில் குனிந்து சூரியனை அளந்துகொண்டிருந்தார். ஒருவருக்கு நீலம் வழியாக வருவது இன்னொருவருக்கு எண் வழியாக வரும், எந்த வாசல் என்பது முக்கியமே இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது. "எவ்வளவு அழகு பாருங்க" என்று நான் எத்தனை வருடம் அவரிடம் சொல்லியிருப்பேன். அது ஒருநாளும் பலிக்கவில்லை. கேள்விதான் பலித்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பகுதி சூரிய கிரகணம் வந்தது. நாங்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி, தரையைப் பார்த்து நின்றோம் (நேராகச் சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கெடுத்துவிடும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதவே போதாது). மரத்தடியில் இருந்த வட்டங்கள் எல்லாம் மெல்ல மெல்லப் பிறையாயின. நூற்றுக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் திரும்பி. அப்பா சமையலறையிலிருந்து சல்லடையைக் கொண்டுவந்து நீட்டினார், அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு பிறை விழுந்தது. அவர் கை லேசாக நடுங்கியது, பிறைகளும் சேர்ந்து நடுங்கின. என் வாழ்நாளில் பார்த்த மிக அழகான காட்சி எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அன்றிரவு ஏதோ நினைவு வந்து போனில் அந்தப் பழைய அருங்காட்சியகப் படங்களைத் தேடினேன். ரென்வார் 1876-இல் வரைந்த 'மூலாங் தெ லா காலெத் நடனம்' இருந்தது. மரங்களுக்குக் கீழே ஆடியும் பேசியும் இருக்கும் கூட்டம். கோட்டு மேல், தொப்பி மேல், தரையில், எங்கும் வட்ட வட்டமாக வெளிச்சம். அந்த ஓவியத்தின் முன்னால் நான் நின்றிருக்கிறேன், படம் இருக்கிறதே. ஆனால் நின்ற ஞாபகம் துளிகூட இல்லை. 2014-இல் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் இதுதான் வந்தது: அருங்காட்சியகத்தில் முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்களைப் பற்றிய நினைவு குறைவு. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அதற்குப் பிறகு என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் கிடைத்தாலும் மூன்றே ஓவியம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது நிமிடம். முதலில் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவேன், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அதற்கு என்ன நிறம் என்று பார்ப்பேன். படம் எடுப்பதாக இருந்தால் எழும்பும் நேரத்தில், ஏதாவது ஒரு மூலையை மட்டும். ஆறாவது நிமிடத்தில் அலுப்பு வரும், எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. அதைத் தாண்டி உட்கார்ந்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது, எனக்கு எந்த ஓவியமும் அதற்கு முன்னால் திறந்ததில்லை.

பனித்துளி பற்றியும் சொல்லியாக வேண்டும். அதிகாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும்போது, பனி படிந்த புல்வெளியில் உங்கள் நீண்ட நிழலின் தலையைப் பாருங்கள், சுற்றிலும் ஓர் ஒளிவட்டம் இருக்கும். துளி ஒவ்வொன்றும் வெயிலைக் குவித்துப் புல்லில் விழவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அதனால் அது உங்கள் கண்ணை ஒட்டித்தான் தெரியும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுட்டோ செல்லினி தன் தலைநிழலைச் சுற்றி இதைக் கண்டு, தனக்குக் கிடைத்த தனி அருள் என்று தன் வரலாற்றில் எழுதிவைத்தார். நானும் அப்பாவும் தோளோடு தோள் நின்று பார்த்தோம். எனக்கு என் தலையைச் சுற்றி மட்டும், அவருக்கு அவர் தலையைச் சுற்றி மட்டும். "உனக்கு இல்லையேம்மா" என்றார். "உங்களுக்குத்தான் இல்ல" என்றேன். இடம் மாறி நின்று பார்த்தோம், அப்போதும் அப்படியேதான்.

இப்போது நான் காத்திருந்து பார்ப்பது எல்லாவற்றிலும் பெரிய நிழலை. மாலையில் எல்லோரும் மேற்கே பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்ததும் கிழக்கே திரும்ப வேண்டும். வானம் தெளிவாக இருந்து, அடிவானம் மறைக்காமல் இருந்தால், சில நிமிடங்களில் கிழக்கின் அடியில் மங்கலான சாம்பல் நீலப் பட்டை ஒன்று கிளம்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே உள்ள நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கிற இதே பூமி காற்றின் மேல் போடுகிற நிழல். மேலே உள்ள இளஞ்சிவப்பு, சிவந்துபோன கடைசி வெயில் அந்தக் காற்றில் பட்டுத் திரும்புவது. சூரியன் மேற்கே கீழே இறங்க இறங்க நிழல் கிழக்கே மேலே ஏறும், நீட்டிய கையின் முஷ்டி அளவு, ஒன்றரை முஷ்டி அளவு ஏறிய பிறகு ஓரம் கலங்கி, இரவு என்று நாம் சொல்வதோடு கலந்துவிடும். இதே நிழல்தான் விண்வெளியில் நீண்டுபோய்ச் சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் விழுகிறது. அதன் விளிம்பு எப்போதும் வளைவாக இருப்பதை வைத்துத்தான் பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார்.

முதல் தடவை அப்பாவை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனபோது அவருக்கு முழங்கால் வலி, படி ஏறவே நேரமாயிற்று. நாற்காலியைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நீலம் அடுத்த வீட்டு நீர்த்தொட்டிக்கு மேலே ஏறியது.

"இது நம்ம நிழலும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. நாம, இந்த வீடு, எல்லாம் சேர்த்து."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ காலையில மேற்கால தெரியணுமே?" என்றார்.

தெரியும், சூரியன் வருவதற்குச் சற்று முன்பு, நிழல் மேற்கே இறங்கிப் போகும் என்றேன்.

"நாளைக்கு என்னையும் எழுப்பு."